ஓயாமரி சாலையில் ஒத்திகை

பொங்கலில் உப்பு இருந்தது. காரில் ஏறியதிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டு வருகிறேன். வருஷக்கணக்காக எனக்கு உப்பு கிடையாது. டெல்லியில் ஜனாதிபதி மாளிகையில் இருந்தபோதே பாதியாகக் குறைத்துவிட்டார்கள், நெஞ்சைத் திறந்து தைத்த பிறகு சுத்தமாக நிறுத்திவிட்டார்கள். வெளிநாட்டு ராஜாக்கள் விருந்துக்கு வந்து வறுவலையும் குழம்பையும் ஒரு பிடி பிடிப்பார்கள், பக்கத்தில் இந்தியாவின் முதல் குடிமகன் சப்பென்ற சுரைக்காயைத் தின்றுகொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பான். இன்றைக்கு விடிகாலையில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெண் தட்டை நீட்டியபோது வழக்கம்போல மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு வாய் வைத்தேன். உப்பு. மிளகு. நெய். நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். "டாக்டர் சொல்லிட்டாருங்கய்யா, இனிமே நீங்க எல்லாமே சாப்பிடலாம்" என்றாள். பின்னாலேயே வந்த காப்பியில் சர்க்கரை. ஓட்டு எண்ணி முடித்து ஜெயித்துவிட்டாய் என்று சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. அந்தக் காலத்தில் உறையூர் முனிசிபல் வார்டில் முதல்முதலாக ஜெயித்தபோதுகூட இவ்வளவு சந்தோஷப்பட்டேனா என்பது சந்தேகம். டாக்டர் வந்து என் கையைப் பிடித்தவர் ரொம்ப நேரம் விடவில்லை. நல்ல மனுஷன், கிழவனைப் பிழைக்க வைத்துவிட்ட சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

வல்லிதான் ஓட்டுகிறாள். சௌந்தரவல்லி, என் ஒரே மகள், ரிடையரான பிறகும் வேலையை விடாத மாட்டு டாக்டர். அவள் காரில் வைக்கோல் வாசனையும் டெட்டால் வாசனையும் கலந்து அடிக்கும். நான் முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். மந்திரியான நாளிலிருந்து என் இடம் பின்பக்கம் இடது ஓரம், உலகத்தை நான் ஜன்னல் வழியாகப் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறேன். முன்னால் உட்கார்ந்தால் சாலை நேராக நம் மேலேயே வருகிறது, பயமாகத்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி முன்வாசலில் டிவிக்காரர்கள் குடை விரித்துப் படுத்துக் கிடக்கிறார்கள். என் பாதுகாப்பு அதிகாரி திரை போட்ட சர்க்கார் காரை அந்தப் பக்கமாகக் காலியாக ஓட்டிக்கொண்டு போனார், நாங்கள் அழுக்குத் துணி வண்டி போகிற பின்வாசலால் நழுவி வந்துவிட்டோம். யோசனை என்னுடையது. இத்தனை வருஷ அரசியலில் கற்றுக்கொண்டதில் இது ஒன்றுதான் உருப்படி, கூட்டம் முன்வாசலில் நின்றால் பின்வாசலைத் தேடு. போலீஸுக்குக்கூடத் தகவல் சொல்லவில்லை. யாருக்கும் என்னை அடையாளமும் தெரியாது. மூக்கில் குழாயை ஒட்டுவதற்காக என் மீசையை எடுத்துவிட்டார்கள். தபால்தலையில் ஏறிய மீசை. மேலே ஒரு முகக்கவசம், ஒரு குரங்குக் குல்லா, போதாதா. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம், அங்கே வல்லி வீடு. "மத்தியானம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வை" என்று கேட்டேன். "சரிப்பா" என்றாள். ஒரு வார்த்தை எதிர்ப்பேச்சு இல்லை. என் மகள் என்னோடு சண்டை போடாமல் ஒரு காரியத்துக்குச் சரி என்றது இதுதான் முதல் தடவை, நான் அதையும் என் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

சிந்தாமணி தாண்டி, ஓயாமரி சுடுகாட்டுக்குத் திரும்புகிற இடத்தில் தடுப்புப் போட்டிருந்தார்கள். ஒரு சின்ன வயசுப் போலீஸ்காரப் பெண் கையை நீட்டி நிறுத்தினாள். வல்லி கண்ணாடியை இறக்கினாள். "வண்டியத் திருப்புங்க மேடம், இந்தப் பக்கம் போகாது." "உடம்பு சரியில்லாதவரக் கூட்டிட்டுப் போறேம்மா, பாலத்துல ஏத்தி விட்டுருங்க." "அரை மணி ஆவும் மேடம். ஒத்திகை நடக்குது." "விடியக்காலைல என்னம்மா ஒத்திகை?" அந்தப் பெண் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஜன்னலுக்குள் தலையை விட்டாள். "வெளில சொல்லிறாதீங்க மேடம். நம்ம சிவக்கொழுந்து ஐயா இருக்காருல்ல, ஜனாதிபதியா இருந்தாரே, அவரு ஆஸ்பத்திரில ரொம்ப முடியாம கெடக்குறாரு. நாலஞ்சு நாள் தாங்குறதே பெருசுன்னு மேலேர்ந்து சொல்லிட்டாங்களாம். கவர்னர், மந்திரிங்க எல்லாம் வருவாங்கள்ல, அதான் இன்னைக்கே ஒரு தடவ நடந்து பாத்துக்குறாங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "தாத்தாவுக்கு என்ன மேடம்?" "நெஞ்சுவலி" என்றேன் நான். "எல்லாம் சரியாப் போயிரும் தாத்தா" என்று சொல்லிவிட்டு அவள் பின்னால் வந்த பால் வண்டியை நிறுத்தப் போனாள்.

என்ன சொன்னாள். நாலஞ்சு நாள் என்றாளா. யாருக்கு. சிவக்கொழுந்துக்கு. சிவக்கொழுந்து என்றால் யார், நான்தான், வேறு எவனும் அந்தப் பெயரில் ஜனாதிபதியாக இருக்கவில்லை. ஆனால் நான்தான் பொங்கல் சாப்பிட்டுவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேனே. இந்தப் பெண்ணுக்குத் தப்பாகத் தெரிந்திருக்கிறது. போலீஸுக்கு எப்போதும் பழைய தகவல்தான் வரும். நேற்று வரைக்கும் மோசமாக இருந்தது, இன்றைக்குத் தேறிவிட்டார் என்று யாரும் இவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவ்வளவேதான். கை ஏன் இப்படிச் சில்லிட்டுப் போகிறது. காவிரிக் காற்று. மார்கழி. கண்ணாடியை ஏற்றச் சொல்ல வேண்டும். வல்லி ஏன் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்க்கிறாள், வண்டிதான் நிற்கிறதே, யாருக்காக இப்படிப் பார்த்து ஓட்டுகிறாள். நானும் நேராகப் பார்த்தேன். எனக்குக் கிட்டத்தில் இருப்பது தெரியாது, தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரியும். பாண்டு வாத்தியச் சத்தத்தோடு பனிக்குள்ளிருந்து பீரங்கி வண்டி வந்தது. அதன் மேல் ஒரு பெட்டி. பெட்டியில் கொடிக்குப் பதிலாக வெள்ளைத் துணி. உள்ளே மணல் மூட்டை வைத்திருப்பார்கள், எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரியிலிருந்து என் எடையைக் கேட்டு வாங்கியிருந்தாலும் வாங்கியிருப்பார்கள். இரண்டு பக்கமும் சிப்பாய்கள் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அந்த மெதுநடை நடந்தார்கள், ஒரு காலைத் தூக்கி நிறுத்தி, யோசித்து, வைக்கிற நடை. அந்த நடையை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். முப்படைகளின் தலைவன் அல்லவா நான். மலர்வளையம் வைக்க என்னைக் கூப்பிடுவார்கள். வளையத்தை நான் தூக்குவதில்லை, இரண்டு சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு வந்து வைப்பார்கள், நான் குனிந்து ரிப்பனைத் தொட்டுக் கொஞ்சம் சரிசெய்வேன். ஒழுங்காக இருக்கிற ரிப்பனைத்தான் சரிசெய்வேன். என் பதவியின் மொத்த வேலையும் அதுதான் என்று ஒருநாள் மரகதத்திடம் சொன்னேன். என் மனைவி சிரிக்கவில்லை, "அதையாவது கோணாமச் செய்யுங்க" என்றாள்.

ஒத்திகை என்றால் சாதாரணம் இல்லை. அந்த உலகத்தில் இருந்தவனுக்குத்தான் தெரியும். ஒரு விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகையில் எனக்குப் பதிலாக நடந்த அதிகாரி, மழைத் தண்ணீர் தேங்கிய ஒரு இடத்தைத் தாண்டிக் குதித்திருக்கிறார். மறுநாள் நல்ல வெயில், தரை காய்ந்து கிடக்கிறது, அந்த இடம் வந்ததும் எனக்குப் பக்கத்தில் வந்தவர் காதோடு, "இங்கே ஒரு எட்டு அகலமாக வைக்க வேண்டும், ஐயா" என்றார். ஏன் என்று கேட்டேன். ஒத்திகையில் அப்படித்தான் இருந்தது என்றார். நானும் வைத்தேன். எண்பது கோடியோ நூறு கோடியோ ஜனங்கள் பார்க்க, இல்லாத தண்ணீரைத் தாண்டினேன். ஒத்திகையில் நடந்ததுதான் அன்றைக்கும் நடக்கும், ஒத்திகையில் வராத ஒன்றைச் செய்ய அவர்களுக்குத் தெரியாது. ஆகவே இவர்கள் சும்மா நடக்கவில்லை. நாள் தெரியாமல் பீரங்கி வண்டி வராது. எங்கிருந்தோ ராத்திரியோடு ராத்திரியாக இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். டாக்டர் சொல்லாமல் கையெழுத்து விழாது. டாக்டர் என் கையைப் பிடித்தவர் விடவில்லை. உப்பு. அட ஆண்டவனே. உப்பு.

வல்லியோடு மாடு பார்க்கப் போயிருக்கிறேன். பதவி முடிந்து ஊருக்கு வந்த புதிதில், வேலை இல்லாத மனுஷனை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளே கூட்டிக்கொண்டு போவாள். ஜனங்கள் மாட்டை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள், அவள் என்னை ஒரு மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு மாட்டைப் பார்ப்பாள். ஒரு தடவை லால்குடிப் பக்கம் ஒரு வயசான பசு. வயிற்றைத் தட்டிப் பார்த்தாள், கண்ணை விரித்துப் பார்த்தாள், எழுந்து கையைக் கழுவினாள். மாட்டுக்காரரிடம் அவள், அது செத்துப்போகும் என்று சொல்லவில்லை. "இனிமே பத்தியம் ஒண்ணும் வேணாங்க. அது ஆசைப்பட்டதப் போடுங்க" என்றாள். அந்த மனுஷன் புரிந்துகொண்டு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் மரத்தடியில் உட்கார்ந்து, என் மகள் எவ்வளவு பக்குவமாகச் சொல்கிறாள் என்று பெருமைப்பட்டேன். ஆசைப்பட்டதைப் போடுங்கள். இனிமே எல்லாமே சாப்பிடலாம். கருவாட்டுக் குழம்பு வை. சரிப்பா. நான் சட்டம் படித்தவன், எத்தனையோ பக்கமுள்ள மசோதாவில் எந்த வரியில் சூழ்ச்சி இருக்கிறது என்று தேடிப் பிடித்தவன், ஒரு தட்டுப் பொங்கல் சொன்னதைப் படிக்கத் தெரியாமல் வழித்து வழித்துத் தின்றிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்றுகூட அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் எடுத்துவந்தாள்.

"வல்லி." "ம்." "உனக்குத் தெரியுமா?" அவள் ஸ்டீயரிங்கை இன்னும் விடவில்லை. "கேக்குறேன்ல. தெரியுமா?" "தெரியும்ப்பா." "எப்பலேர்ந்து?" "செவ்வாக்கெழமலேர்ந்து. கிட்னியும் போயிருச்சுப்பா. இங்க வச்சிருந்தா குழாயாக் குத்துவாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நான்தான் சொன்னேன்." "ஏன் எங்கிட்டச் சொல்லல?" "வீட்டுக்குப் போயிச் சொல்லலாம்னு இருந்தேன். காலைலயே சொல்ல வந்தேன். நீங்க அந்தப் பொங்கல அவ்வளவு ஆசையாச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க." எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பயம்தான் வந்தது. வெட்கமில்லாத, பச்சையான பயம். நான் சாகப் போகிறேன். எண்பத்து நாலு வயசுக்காரனுக்கு இது ஒரு செய்தியா என்றால், ஆமாம், செய்திதான். இதுவரைக்கும் யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஒரு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதுதான் நினைவுக்கு வருகிறது, சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ. சைக்கிள் வாடகைக் கடைக்காரர் மகன், குழாயடிச் சண்டையைத் தீர்த்து வைத்துக் கவுன்சிலரானவன், பிறகு எம்.எல்.ஏ., மந்திரி, எங்கேயோ மலைநாட்டில் கவர்னர், கடைசியில் இரண்டு பெரிய ஆட்களுக்குள் யார் என்று அடித்துக்கொண்டபோது யாருக்கும் தொந்தரவில்லாத ஆள் என்று என்னைக் கண்டுபிடித்து ஜனாதிபதி ஆக்கினார்கள். தொந்தரவில்லாத ஆள் என்பது பத்திரிகைக்காரன் எழுதியது, மரகதம் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு என்னோடு சண்டை வரும்போதெல்லாம் எடுத்துக் காட்டுவாள். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு மசோதாவைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினேன். மலைச்சனங்களைக் காட்டை விட்டுக் கிளப்புகிற மசோதா. காரணங்களை என் கையாலேயே எழுதினேன். பிரதமர் தேநீருக்கு வந்து, சிரித்துக்கொண்டே பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போனார். சபை ஒரு எழுத்தும் மாற்றாமல் மறுபடி நிறைவேற்றி அனுப்பியது. ஜனாதிபதி ஒரு தடவைதான் திருப்பலாம், இரண்டாவது தடவை வந்தால் கையெழுத்துத்தான். போட்டேன். அன்றைக்கும் ராத்திரி சப்பென்ற கஞ்சி. நெஞ்சைத் திறந்தார்களே, அப்போது இந்தச் சாவும் ஒரு தடவை வந்தது, நான் திருப்பி அனுப்பினேன். இப்போது அதே காகிதம் மறுபடி வந்திருக்கிறது. ஒரு எழுத்தும் மாறவில்லை. சட்டம் எனக்குத் தெரியும், இனிமேல் திருப்ப முடியாது, ஆனாலும் முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

ஆகவே படித்தேன். பீரங்கி வண்டிக்குப் பின்னால் போலீஸ்காரர்கள் வரிசையாக வந்தார்கள், ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு அட்டை. "ஆளுநர்" ஒல்லியாக இருந்தார், ஷூ லேஸ் அவிழ்ந்து கிடந்தது. "முதலமைச்சர்" கொட்டாவி விட்டார். "முப்படைத் தளபதிகள்" என்று மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஆள். "வெளிநாட்டுத் தூதர்கள்" என்று ஒரு தொப்பைக்கார ஏட்டு. சிரிப்பு வந்தது, இந்தப் பயத்துக்குள்ளேயும் வந்தது. நான் இல்லாத இடத்தில் எனக்காக இத்தனை பேர் இவ்வளவு அரைத்தூக்கத்தோடு நடக்கிறார்கள். அப்புறம் எல்லோருக்கும் முன்னால், பெட்டிக்கு நேர் பின்னால், தனியாக ஒருவன் வருவதைப் பார்த்தேன். வாட்டசாட்டமான இளம் போலீஸ்காரன். தோளில் ஒரு மண்பானை, கையில் கொள்ளிக்கட்டைக்குப் பதிலாக ஒரு லத்தி. கழுத்தில் இருந்த அட்டையில், "கொள்ளி வைப்பவர், திரு. குணசீலன் எம்.எல்.ஏ." என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. வல்லி ஒரு சத்தம் போட்டாள். வார்த்தை இல்லை, மூச்சு உள்ளே போன சத்தம். நான் திரும்பிப் பார்த்தேன். "இதுவும் தெரியுமா?" "இது தெரியாதுப்பா" என்றாள். "சத்தியமா இது தெரியாது."

குணசீலன் என் அண்ணன் மகன். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். என் பெயரைச் சொல்லி சீட்டு வாங்கினான், என் பெயரைச் சொல்லி ஜெயித்தான், என் பெயரைச் சொல்லி ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறான், ஆனால் அழுதால் நிஜமாகவே அழுவான், கேமரா இருந்தால் கொஞ்சம் அதிகமாக அழுவான். பொண்ணுதானே இருக்கிறது, ஆண் வாரிசு நான்தான் என்று கலெக்டர் ஆபீஸில் போய்ச் சொல்லியிருப்பான், அவர்களும் சரி என்று அட்டை எழுதியிருப்பார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு, யாரும் அவர்களுக்கு வேறு மாதிரி சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். மரகதம் டெல்லியில்தான் போனாள், நான் பதவியில் இருந்த மூன்றாவது வருஷம். யமுனைக் கரையில் நான் கொள்ளி வைத்தேன், வல்லியைப் பெண்கள் பந்தலில் தூரத்தில் நிறுத்தியிருந்தார்கள், அங்கேயிருந்து அவளுக்குப் புகை மட்டும்தான் தெரிந்திருக்கும். திரும்பி வரும்போது காரில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "உங்களுக்கு நான்தாம்ப்பா வைப்பேன்" என்றாள். அழவில்லை, சண்டை போடுகிற குரல். "சரி" என்றேன். "எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க." "சொல்றேன்." அப்புறம் யாரிடம் சொல்வது. காலையில் காப்பி குடிக்கும்போது செயலாளரைக் கூப்பிட்டு, என்னை யார் கொளுத்த வேண்டும் தெரியுமா என்றா சொல்வார்கள். இன்றைக்கு, நாளைக்கு என்று போய்க்கொண்டே இருந்தது, நானும் போய்க்கொண்டே இருக்கப் போகிறேன் என்று நினைத்தேன். அவள் அதற்கப்புறம் ஒரு தடவையும் கேட்கவில்லை. நான் சொல்லி வைத்திருப்பேன் என்று நம்பிவிட்டாள். இப்போது அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், மறுபடியும் தூரத்தில், மறுபடியும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். இன்னும் நாலஞ்சு நாளில் அன்றைக்கும் இதே மாதிரி நடக்கும். ஒத்திகையில் வந்தவன்தான் வருவான். நான் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு எழுந்து வந்து சொல்ல முடியாது. சொல்வதென்றால் இப்போதுதான் சொல்ல முடியும்.

கதவைத் திறந்தேன். முன் சீட்டுக் கதவை எந்தப் பக்கம் இழுப்பது என்று ஒரு நிமிஷம் தடுமாறினேன், எத்தனையோ வருஷமாக எனக்கு யாராவது திறந்துவிட்டுத்தான் பழக்கம். "என்னப்பா பண்றீங்க, உக்காருங்கப்பா" என்று வல்லி கையைப் பிடித்தாள். உதறினேன். காலை வெளியே வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். தரை கீழே இருக்கிறதா என்று முதலில் தெரியவில்லை, அப்புறம் தெரிந்தது. அந்தப் போலீஸ்காரப் பெண் ஓடிவந்தாள். "தாத்தா, உள்ள உக்காருங்க தாத்தா, பெரிய ஆபீசர் திட்டுவாரு." பெரிய ஆபீசரே வந்துவிட்டார், டி.எஸ்.பி., கையில் வாக்கிடாக்கி. "யாருய்யா அது? வண்டிய எடுக்கச் சொன்னா..." நான் முகக்கவசத்தை இறக்கினேன். மீசை இல்லாத என் முகத்தைப் பார்த்து அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. "சார், கொஞ்சம் கேளுங்க" என்றேன். அவ்வளவுதான். ஒவ்வொரு குடியரசு நாளுக்கும் முந்தின சாயங்காலம் ரேடியோவில் வந்த குரல் அது, அதை மழிக்க எந்த நர்ஸாலும் முடியவில்லை. அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். வாக்கிடாக்கி கையிலிருந்து தொங்கியது. பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். பாண்டு வாத்தியம் ஒவ்வொன்றாக நின்றது, டிரம்காரர் மட்டும் கடைசியில் ஒரு அடி அடித்துவிட்டுப் பயந்து நின்றார். ஆளுநர் தன் அட்டையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"ஐயா... மன்னிச்சிருங்கய்யா... எங்களுக்கு மேலேர்ந்து..." அந்த மனுஷனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "நீங்க பண்றது சரிதான் சார். உங்க வேலை. நிறுத்த வேணாம்" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "ஒரு ஆள் மட்டும் தப்பா நிக்கிறாரு. அத மாத்திருங்க." "யாருங்கய்யா?" "கொள்ளி வைக்கிறவரு." "எம்.எல்.ஏ. வந்து சொல்லித்தானுங்கய்யா... வீட்டுல பொம்பளப் பிள்ள மட்டுந்தான் இருக்குன்னு..." "அந்தப் பொம்பளப் பிள்ளதான்" என்றேன். "எம் பொண்ணு. இதோ இருக்கா. இப்பவே நிக்க வச்சுப் பாத்துருங்க." அவர் விழித்தார். சட்டப் புத்தகத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று தேடுகிற முகம் அது, அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும், என் முகமும் பல வருஷம் அப்படித்தான் இருந்தது. இரண்டாவது தடவை வந்த காகிதத்தில் திருத்தம் எழுத ஜனாதிபதிக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் நான் இப்போது ஜனாதிபதி இல்லை, யார் என்னைக் கேட்பது.

வல்லி இறங்கவில்லை. நான் குனிந்து கார் ஜன்னலுக்குள் பார்த்தேன். தலையை ஸ்டீயரிங் மேல் வைத்திருந்தாள், தோள் குலுங்கியது. மாட்டுக்கு வயிற்றைக் கிழித்துத் தைக்கும்போதுகூட இமைக்காதவள். "வல்லி. எறங்கு." "வேணாம்ப்பா." "எறங்குன்னு சொல்றேன்." "உங்கள உயிரோட இங்க நிக்க வச்சுட்டு நான் எப்படிப்பா அங்க போயி நிப்பேன்? என்னால முடியாதுப்பா. அன்னைக்கு வந்து சண்ட போட்டுக்குறேன், இப்ப வேணாம்." "அன்னைக்கு உன்னத் தள்ளிருவாங்க. இன்னைக்கு நின்னுட்டேன்னா ஒருத்தனாலயும் தள்ள முடியாது. இவங்க வேல அப்படி. எனக்குத் தெரியும்." அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணும் மூக்கும் சிவந்து, சின்ன வயசில் ஜுரம் வந்தால் எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. பயமாக இருக்கிறது வல்லி, எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. "சொல்றேன்னு சொன்னேன்ல. சொல்லிட்டேன். போ" என்றேன்.

இறங்கினாள். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். செருப்பைக் காருக்குப் பக்கத்திலேயே கழற்றிவிட்டு நடந்தாள், யாரும் கழற்றச் சொல்லவில்லை. தார் ரோடு பனியில் நனைந்து கிடந்தது. அந்த இளம் போலீஸ்காரன் அவள் வருவதைப் பார்த்து அட்டையைத் தானே கழற்றினான், பானையை இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தான், பிறகு லத்தியைக் கொடுத்தான். டி.எஸ்.பி. பேனாவை எடுத்து அட்டையின் பின்பக்கத்தைக் காட்டி, "என்ன பேருங்கம்மா எழுதணும்?" என்று கேட்பது காற்றில் எனக்குக் கேட்டது. "சௌந்தரவல்லி. மகள்" என்றாள். வாக்கிடாக்கியின் முதுகில் வைத்து அவர் அதை எழுதினார். அவள் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெட்டிக்கு நேர் பின்னால் போய் நின்றாள். என் பெட்டி. என் மகள். இரண்டுக்கும் நடுவில் யாரும் இல்லை. நான் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அந்தப் போலீஸ்காரப் பெண் என் முழங்கையைத் தாங்கிக்கொண்டிருந்தாள். யாரோ ஆணை கொடுத்தார்கள். டிரம் ஒரு அடி அடித்தது. சிப்பாய்கள் காலைத் தூக்கி நிறுத்தினார்கள். முப்படைகளின் தலைவனாக இருந்தவனுக்கு உடம்பு தானாக விறைத்தது, கை தொடையோடு ஒட்டிக்கொண்டது. எனக்கே எனக்காக நான் அசையாமல் நின்றேன். அப்போது வல்லி, ஊர்வலம் நகர ஆரம்பித்த அந்த நேரத்தில், தோளில் பானையோடு திரும்பி, அத்தனை போலீஸுக்கும் பட்டாளத்துக்கும் கேட்கும்படி சத்தம் போட்டாள்.

"அப்பா! பனியில நிக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? உள்ள போயி உக்காருங்க!"

உட்கார்ந்தேன். நாக்கின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் உப்பு இருந்தது.